கோபித்துக் கொண்ட கால்

கணுக்கால் சுளுக்குக்குப் போய் ஒரு கட்டுரையா என்று சிரிக்கிறீர்களா? 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை இரவு வரை நானும் அப்படித்தான் சிரித்துக் கொண்டிருந்தேன்.

சுங்கைப்பட்டாணியில் எங்கள் தாமானுக்குப் பக்கத்தில் வாரம் ஒரு நாள் பசார் மாலாம் கூடும். ஒரு கையில் கீரைக்கட்டு, மறு கையில் மீன் பை. எதிரே வந்த மோட்டார் சைக்கிளுக்கு ஒதுங்கப் போய், கால்வாயின் சிமெண்டு விளிம்பில் வலது காலை வைத்தேன். பாதம் உள்பக்கமாக மடங்கியது. காய்ந்த குச்சியை ஒடித்தது போல ‘டக்’கென்று ஒரு சத்தம். அப்படியே தரையில் உட்கார்ந்து விட்டேன். வலியைவிட முதலில் வந்தது வெட்கம்தான். ஐம்பத்தேழு வயதுப் பெண்பிள்ளை நடுத்தெருவில் மீன் பையோடு உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் வெட்கமாக இருக்காது!

வீட்டுக்கு வருவதற்குள் வெளிக் கணு முட்டை போலப் புடைத்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா கைராசிக்காரர். காலால் பிறந்தவர் கையால் நீவினால் சுளுக்கு விட்டுவிடும் என்பார்களே, அந்தக் கை அவருக்கு உண்டு. கோடாலித் தைலத்தைச் சூடு பறக்கத் தேய்த்து, கண்ணில் நீர் வரும்வரை உருவிவிட்டார். அதற்கு மேல் வெந்நீர் ஒத்தடம். நல்ல மனசோடு செய்த காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் விடியும்போது கால் செருப்புக்குள் நுழையவில்லை. பாதம் முழுக்க நாவற்பழ நிறம்.

பிறகுதான் தெரிந்துகொண்டேன். புதிதாகப் பட்ட சுளுக்கில் உள்ளே நார் கிழிந்து இரத்தம் கசிந்து கொண்டிருக்கும். முதல் இரண்டு மூன்று நாள்கள் சூடும் கூடாது, அழுத்தி உருவுவதும் கூடாது. இரண்டும் கசிவை அதிகமாக்கும். காலை உயரத்தில் தூக்கி வைத்து, மீள்பட்டையால் இதமாகச் சுற்றி வைப்பதே அந்த நேரத்துக்கு ஏற்றது. உருவிவிடும் கைக்கும் வேளை வரும். அது அந்த முதல் இரவு அல்ல.

மூன்றாம் நாள் மருத்துவமனைக்குப் போனேன். அங்கே இருந்த இளம் டாக்டர் முதலில் என்னை நாலு எட்டு நடக்கச் சொன்னார். பிறகு இரண்டு கணு எலும்புகளின் பின்விளிம்பையும், பாதத்தின் வெளியோரத்தில் சுண்டுவிரல் எலும்பின் அடியையும் விரலால் அழுத்தி, “இங்கே வலிக்கிறதா, இங்கே?” என்று கேட்டார். இது ஏதோ சும்மா தடவிப் பார்ப்பதல்ல. கனடாவின் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1992-இல் வகுத்த முறை. நாலு எட்டு எடுத்து வைக்க முடியாவிட்டாலோ, குறிப்பிட்ட அந்த எலும்பு இடங்களில் தொட்டால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் முறிவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. எனக்கு நடக்க முடியவில்லை, எக்ஸ்ரே எடுத்தார்கள். முறிவில்லை. “வெறும் சுளுக்குதான், இரண்டு வாரம் ஓய்வெடுங்கள்,” என்று மாத்திரை கொடுத்தனுப்பினார்கள்.

அந்த ‘வெறும்’ என்ற சொல்லை நம்பித்தான் நான் ஏமாந்தேன்.

இரண்டு வாரம் கட்டிலிலேயே கிடந்தேன். மருமகள் தட்டில் சோறு கொண்டு வந்து கொடுத்தாள். வலி குறைந்தது. ‘சரி, சுகமாகிவிட்டது’ என்று எழுந்து நடந்தேன். ஆறு வாரமாயிற்று, மாலையானால் கணு வீங்கிக்கொண்டுதான் இருந்தது. படி இறங்கும்போது கால் விறைத்தது. ஒன்றுமில்லாத சமதரையில் திடீரென்று பாதம் புரண்டு உடம்பு ஆடிப்போகும். இரண்டாம் மாதம் கோயில் படியில் அப்படிப் புரண்டு, மறுபடி வீங்கி, மறுபடி கட்டில். மூன்றாம் மாதமும் இதே கதை.

கூலிமிலிருந்து என்னைப் பார்க்க வந்த அண்ணன், நான் கேட்டைத் திறந்துவிட நடந்து வந்ததைப் பார்த்தபடி நின்றார். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் சொன்னார்:

“தங்கச்சி, நீ அம்மா நடந்த மாதிரியே நடக்கிற.”

காப்பி போடப் போகிறேன் என்று சமையலறைக்குள் போய்விட்டேன். அங்கே நின்று கொஞ்ச நேரம் அழுதேன்.

எங்கள் அம்மா கூலிம் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். அவருக்குக் கிடைத்தது மேட்டுக்காடு. மலைச்சரிவில் படிபடியாக வெட்டிய நிரைகள். விடியற்காலை பெரட்டு முடிந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, முந்நூறு நானூறு மரம் ஏறி இறங்கி வெட்ட வேண்டும். பிறகு அதே படிகளில் பாலை எடுத்து, காண்டாவில் இரண்டு வாளியையும் தொங்கவிட்டு இறங்க வேண்டும். மழை பெய்த மறுநாள் அந்தச் செம்மண் எப்படி வழுக்கும் என்பது தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1974-இல், எனக்குப் பன்னிரண்டு வயது, அம்மா நிறைவாளிகளோடு அந்தப் படியில் விழுந்தார். அன்றைய பால் முழுவதும் மண்ணில். இரண்டு பேர் தோள் கொடுத்து லயத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். வலது கணு. டிரஸர் வந்து பார்த்து, எலும்பு முறியவில்லை என்று சொல்லி, தைலமும் துணிக்கட்டும் கொடுத்தார். பாட்டி புளியைக் கரைத்து உப்புப் போட்டுக் கொதிக்க வைத்துப் பற்றுப் போட்டார். ஐந்தாம் நாள் அம்மா பெரட்டுக்குப் போய் நின்றுவிட்டார். போகாவிட்டால் சம்பளம் யார் கொடுப்பது? வீட்டில் நாங்கள் நான்கு பிள்ளைகள்.

அதற்குப் பிறகு அந்தக் கால் அம்மாவுடையதாக இல்லை. ஆண்டுக்கு மூன்று நான்கு தடவை புரளும். வாசலில் கோலம் போட்டுவிட்டு எழும்போது புரளும். குழாயடியில் புரளும். “இந்தக் காலு என்கிட்ட கோவிச்சுக்கிச்சு,” என்று சொல்லிச் சிரிப்பார். மேட்டுக்காட்டிலிருந்து தரைக்காட்டுக்கு மாற்றிவிடும்படி தண்டலிடம் கேட்டார். கட்டுப் போட்டிருக்கிறதா, வீக்கம் தெரிகிறதா, ஒன்றுமில்லையே என்றாராம். அப்பாவுக்கும் அது கவனக்குறைவுதான். ‘மேலே பார்த்துக்கொண்டு நடந்தால் விழாமல் என்ன செய்யும்?’ என்பார்.

நான் மட்டும் என்ன ஒழுங்கு? 1977-இல் பட்டணத்து இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவம் படித்துக் கொண்டிருந்தேன். புத்தகப் பணம் கட்ட அம்மா வந்திருந்தார், வெளுத்த சேலையும் எண்ணெய் வைத்து வாரிய தலையுமாக. பஸ் நிலையத்தில் என் கூட்டாளிகள் நாலைந்து பேர் நிற்கும்போது, கல்லும் இல்லை பள்ளமும் இல்லை, அம்மா தடுமாறி விழுந்தார். சில்லறை எல்லாம் சிதறியது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் காசைப் பொறுக்கிக்கொண்டே, “பார்த்து நடக்கத் தெரியாதாம்மா உங்களுக்கு?” என்று கத்தினேன். அம்மா பதில் சொல்லவில்லை. மண்ணைத் தட்டிவிட்டுச் சிரித்தார். 1998-இல் அவர் கண்ணை மூடும்வரை அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அண்ணன் சொன்ன மறுவாரமே நான் அரசாங்க மருத்துவமனைக்குப் போய், “மூன்று மாதமாகியும் சுகமாகவில்லை, எப்படியாவது வழி சொல்லுங்கள்,” என்று நின்றேன். மறுபடி சோதித்துவிட்டு, உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் என் மகள் வயது மலாய்ப் பெண். கையில் மருந்தும் இல்லை, மின்சாரக் கருவியும் இல்லை. “மக்சிக், ஒற்றைக் காலில் நில்லுங்கள்,” என்றார்.

இடது காலில் நின்றேன். இருபது எண்ணும்வரை நின்றேன். வலது காலில் நாலு எண்ணுவதற்குள் சுவரைப் பிடித்துவிட்டேன். வலி இல்லை, வாசகர்களே! வலியே இல்லை. ஆனாலும் நிற்க முடியவில்லை.

“உங்கள் கால் சுகமாகிவிட்டது என்று நினைத்து விட்டுவிட்டீர்கள். அதற்கு நிற்கவே மறந்து போயிருக்கிறது,” என்றார் அந்தப் பெண்.

அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். வெளிக் கணு எலும்பின் நுனியிலிருந்து மூன்று நார்கள் பாதத்து எலும்புகளைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கின்றன. பாதம் உள்ளே மடங்கும்போது முதலில் கிழிவது முன்பக்கத்து நார், அடி பலமானால் அடுத்தது குதிகால் எலும்புக்குப் போகும் நார். இவை வெறும் கயிறு அல்ல. இவற்றுக்குள் நுண்ணிய நரம்பு முனைகள் இருந்து, ‘பாதம் இப்போது சாய்கிறது’ என்று மூளைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. செய்தி போனதும் கெண்டைக்காலின் வெளிப்பக்கத் தசைகள் இழுத்து நிமிர்த்திவிடும். கண்மூடித் திறப்பதற்குள் நடக்கும் காரியம் இது. நார் கிழிந்து, பிறகு வாரக்கணக்கில் காலும் சும்மா கிடந்தால் தசை இளைக்கிறது; செய்தியும் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. செய்தி வருவதற்குள் பாதம் புரண்டு விடுகிறது. புரண்டால் மறுபடி நார் இழுபடுகிறது. எத்தனை புளிப்பற்றுப் போட்டு என்ன?

இந்த விஷயத்தை வீட்டுக்கு வந்து தேடித் தேடிப் படித்தேன். ஃப்ரீமேன் என்ற ஆங்கிலேய மருத்துவர் சுளுக்குக்குப் பிறகு கால் புரண்டு கொண்டேயிருப்பதற்கு இப்படி ஒரு காரணத்தைச் சொல்லி, சமநிலைப் பயிற்சி கொடுத்தால் அது குறைகிறது என்று எழுதியிருக்கிறார். எழுதிய ஆண்டு 1965. அவர் சொன்ன காரணத்தைப் பின்னால் வந்தவர்கள் ஓரளவு திருத்தினார்கள், பயிற்சி மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது. 1965! எங்கள் அம்மா விழுந்தது 1974. ஒன்பது ஆண்டு கழிந்தும் அந்தச் செய்தி கடல் தாண்டி, ரப்பர் காடு தாண்டி எங்கள் லயத்துக்கு வந்து சேரவில்லை. மருந்தல்லவே அது, காசு கொடுத்து வாங்குவதற்கு? ஒற்றைக் காலில் நில் என்ற ஒரு வார்த்தைதான்.

நான் செய்த பயிற்சிகளைக் கேட்டால் உங்களுக்கு விளையாட்டாகத் தோன்றும். முதலில், நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தூக்கி, கட்டைவிரலால் காற்றில் எழுத வேண்டும். அந்தப் பெண் ஏ, பி, சி எழுதச் சொன்னார். நான் அ முதல் ஃ வரை எழுதினேன். நம் ‘ஒள’ எழுதும்போது கணு போகாத திசையே இல்லை! அடுத்தது சுவர்ப்பக்கம் நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலைச் சுவரைத் தொட வைப்பது. கணு முன்பக்கம் மடங்காமல் விறைத்திருந்தால் படியிறங்குவது எப்போதும் சிரமம்தான். எனக்கு இருந்த பாதிக் குறை அதுவே. பிறகு ஒரு மஞ்சள் ரப்பர் பட்டையைக் கொடுத்தார். அதை மேசைக்காலில் கட்டி, பாதத்தில் மாட்டி, வெளிப்பக்கமாக மெல்ல இழுத்து மெல்ல விட வேண்டும். ஆயுள் முழுக்க ரப்பர் பால் எடுத்தவரின் மகள் கையில் ஒரு முழம் ரப்பர். பழைய சைக்கிள் டியூப்பும் இதற்கு ஆகும் என்றார்.

எல்லாவற்றுக்கும் மேல் அந்த ஒற்றைக்கால் நிலை. காலையில் பல் விளக்கும்போது, சோறு கொதிக்கும்போது, பக்கத்தில் பிடிமானத்துக்கு ஏதாவது வைத்துக்கொண்டு நிற்பேன். நாலு எண்ணியது பத்தாயிற்று, இருபதாயிற்று. முப்பது வந்ததும் தலையணை மேல் நிற்கச் சொன்னார். அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு. கண்ணை மூடினால்தான் காலின் வண்டவாளம் தெரியும், செய்து பாருங்கள். ஆனால் வயதானவர்கள் சுவரோரமாக, பக்கத்தில் ஆள் இருக்கும்போது செய்யுங்கள். சுளுக்குக்கு வைத்தியம் பார்க்கப் போய் இடுப்பை முறித்துக்கொண்டால் பழி என் மேல் வரும்.

சிறிது வலி வந்தால் பயப்படாதே, மறுநாள் காலையில் வீக்கம் கூடியிருந்தால் மட்டும் குறைத்துக்கொள் என்பதுதான் அவர் தந்த அளவுகோல். ஐந்து வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது. நாலாம் மாதம் கோயில் படியைக் கைப்பிடி இல்லாமல் இறங்கினேன்.

ஐஸ் கட்டியைப் பற்றிக் கேட்பீர்கள். ஓய்வு, ஐஸ், கட்டு, உயரத்தில் வைத்தல் என்ற நான்கையும் ஒரு சூத்திரமாக 1978-இல் எழுதிப் பரப்பியவர் மிர்கின் என்ற அமெரிக்க டாக்டர். பிற்காலத்தில் அவரே, ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதிக்கக்கூடும் என்று தம் கருத்தை மாற்றிக்கொண்டார். முதல் நாள்களில் வலி தாங்காவிட்டால் துணியில் சுற்றிச் சற்று நேரம் வைக்கலாம், அவ்வளவே. கட்டிலில் கிடந்த என் இரண்டு வாரத்தைத்தான் நான் வீணாக்கினேன் என்பேன். தாங்கக்கூடிய அளவுக்கு, மீள்பட்டையோ கணுக்கச்சையோ போட்டுக்கொண்டு, சில நாள்களிலேயே காலை ஊன்றத் தொடங்கியிருக்க வேண்டும்.

ஆனால் எல்லாத் தாமதத்துக்கும் ஒற்றைக் காலே மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பெண்ணிடம் அனுப்பும் முன்பு என்னை மறுபடி சோதித்தார்கள் என்றேன் அல்லவா? அதற்குக் காரணம் உண்டு. வலி கணுவுக்கு மேலே, இரண்டு கால் எலும்புகளும் சேரும் இடத்தில் இருந்தால் அது வேறு நார். அது ஆற இன்னும் அதிக நாள் பிடிக்கும், சில சமயம் அறுவை தேவைப்படும். உள்ளே ஏதோ சிக்கிக்கொள்வது போலவோ பூட்டிக்கொள்வது போலவோ இருந்தால் மூட்டுக்குள் குருத்தெலும்பு அடிபட்டிருக்கலாம். சாதாரண எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவதுண்டு. வெளிக் கணுவுக்குப் பின்னால் ஒரு நாண் ‘சளக்’ என்று புரண்டு விளையாடினால் அதுவும் டாக்டர் பார்க்க வேண்டிய விஷயமே. ஆறு வாரமாகியும் நாளுக்கு நாள் தேறவில்லை என்றால் மறுபடி போய்க் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். ஓராண்டு கழிந்த பிறகும் நூற்றுக்கு 5 முதல் 33 பேர் வரை வலியோடு இருக்கிறார்கள் என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 2008-இல் எழுதியிருக்கிறார்கள். ஆகவே நீங்கள் நடிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நம்மவர்களிடையே இனிப்புநீர் இல்லாத வீடு குறைவு என்பதால். எங்கள் வரிசையில் ஓர் அண்ணனுக்குப் பல வருஷமாக இனிப்புநீர். பாதம் வீங்கிச் சிவந்து சூடாக இருந்தது, வலி மட்டும் அவ்வளவாக இல்லை. சுளுக்கு என்று நினைத்து நடந்து கொண்டேயிருந்தார். நரம்பு மரத்துப் போனதால் உள்ளே எலும்புகள் நொறுங்குவதே அவருக்குத் தெரியவில்லை. மாதக்கணக்கில் மாவுக்கட்டு. அப்படிப்பட்ட காலுக்கு உருவலும் கூடாது, பயிற்சியும் கூடாது, அன்றைக்கே மருத்துவமனைதான்.

சென்ற தீபாவளிக்கு அண்ணன் வந்திருந்தார். நான் அடுப்படியில் முறுக்கு மாவு பிசைந்துகொண்டே வலது காலில் நின்றிருந்தேன். ஐந்து ஆண்டாக விடாத பழக்கம்.

“என்னா, கொக்கு மாதிரி நிக்கிற?” என்றார்.

சொன்னேன். அவரும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கினார். கையை விட்டார். ஏழு எண்ணுவதற்குள் காலை ஊன்றிவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

“இத அம்மாகிட்ட யாராவது சொல்லியிருந்தா செஞ்சிருக்குமா?”

“அம்மாவா? ஒவ்வொரு மரத்தடியிலும் நின்னு செஞ்சிருப்பாங்க அண்ணே.”

அண்ணன் ஒன்றும் பேசவில்லை. மறு காலைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்.